இணக்கச் சான்று பெற்ற சத்தப்பெட்டி

வெளிநாட்டிலிருந்து வரும் மின்சாதனம் நம் நாட்டு மின்சாரத்தோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. மக்களின் உயிர்மேல் அதற்கு அவ்வளவு அக்கறை. என் தம்பி கடல் கடந்து என் மகளுக்கு ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அனுப்பியபோதுதான் அந்த அக்கறை எங்கள் வீட்டையும் வந்தடைந்தது.

பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் 120, மறுபக்கம் 230. சுவிட்ச் 120-இல் நின்றது. அதன்மேல் சிவப்பாக அந்த அலுவலகத்தின் சீல்: 'சோதனை முடியும்வரை தொடக் கூடாது'.

"மாமா ஊர்ல கரன்ட்டே அவ்வளவுதாம்மா. நம்ம கரன்ட் அதுக்கு ரெண்டு மடங்கு. சீலைக் கிழிச்சு இதை அந்தப் பக்கம் தள்ளினா முடிஞ்சுது" என்றாள் மகள்.

"கையை எடுடி! அரசாங்க சீல். நாளைக்கு வந்து கேட்டா யார் பதில் சொல்றது? உங்கப்பாவா?"

உங்கப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை நகர மண்டபத்தில் அவளுக்கு முதல் மேடை. கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தே வளர்ந்தவள், முதல்முறையாக நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறாள். பெட்டியையும் கிட்டாரையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

அலுவலகத்தில் ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் இறக்கையில் ஓர் ஈ உட்கார்ந்து நிதானமாகச் சுற்றி வந்தது. அதிகாரி கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த சுவிட்சைத் தள்ளிட்டா..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"தள்ளினா அது வேற கருவிம்மா. வந்த கருவிக்குத்தான் சோதனை."

"இப்படியே சொருகினா வெடிக்கும் சார்."

"வெடிச்சா, இணக்கம் இல்லைன்னு சான்று தருவோம். ஏதோ ஒரு சான்று இல்லாம யாரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல."

சொருகினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. மகள் கிட்டார் கம்பியைத் தொட்டதும் பெட்டி தேனாகப் பாடியது. தூங்கிக்கொண்டிருந்த எழுத்தர் எழுந்து நின்றார்.

"சார், உங்க ஆபீஸ்ல லோ வோல்டேஜ். வர்றதே பாதி கரன்ட்டுதான். அதனாலதான் பாடுது!"

"லோ வோல்டேஜ்னு எங்களுக்கு எந்தத் தகவலும் வரலையே" என்றபடி அதிகாரி கையெழுத்திட்டார். 'மேற்படிக் கருவி தற்போதுள்ள நிலையிலேயே நம் நாட்டு மின்சாரத்துடன் பூரண இணக்கம் கொண்டுள்ளது. இந்நிலையை மாற்றுவது தண்டனைக்குரியது.' சுவிட்சின்மேல் அரக்கைக் காய்ச்சி ஊற்றினார்கள்.

"மண்டபத்துல முழு கரன்ட் வருமே சார்?" என்று கேட்டேன்.

"கருவிமேல தப்பில்லைன்னு நாங்க எழுதிக் கொடுத்தாச்சு. அப்ப தப்பு யார் மேல?"

யோசித்துப் பார்த்தேன். கரன்ட் மேல்தான்.

மின்சார அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பக்கத்து வீட்டு அக்காவும் கையெழுத்துப் போட்டாள். அவளிடம் வெளிநாட்டு முடி உலர்த்தி ஒன்று அலமாரியில் அழகுக்கு இருந்தது. எதிர்வீட்டில் ஒரு வெளிநாட்டுக் காபி இயந்திரம். ஒன்றும் இல்லாதவர்கள், இல்லையென்று தெரிந்துவிடுமோ என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பொறியாளர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலைக்குச் சேர்ந்த நாளா 'கூட்டுங்க, கூட்டுங்க'ன்னு திட்டு வாங்கறேன். குறைச்சுக் குடுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதாம்மா."

"மண்டபத்துக்கு மட்டும் போதும் சார்."

"அது பாரபட்சம். ஊருக்கே குறைச்சிடறோம்."

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் விளக்குகள் சாகக் கிடந்தன. விசிறி சுற்றவில்லை, மைக் இருமிவிட்டு அடங்கியது. இருட்டுக்குள்ளிருந்து என் மகளின் கிட்டார் மட்டும் மழை கொட்டுவதுபோலக் கொட்டியது. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் தெரியவில்லை. கைதட்டலுக்குக் குனிந்தாளா, அழுதாளா, அதுவும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "நான் வாசிச்சதைப் பாத்தியாம்மா?"

"கேட்டேன்டி."

"அந்த சுவிட்சை ஒரு நகத்தால தள்ளியிருக்கலாம்" என்றாள்.

மறுவாரம் அறிவிப்பு வந்தது. திருத்தப்பட்ட மின்சாரத்தில் உள்நாட்டுச் சாதனங்கள் சரிவர இயங்காததால், அவை இணக்கமற்றவையாகக் கருதப்படும். உரிமையாளர்கள் நேரில் கொண்டுவந்து சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

மிக்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வரிசை தெருமுனை வரை நின்றது. எனக்கு முன்னால் ஒருவர் மேசை விசிறியைக் குழந்தைபோல் தோளில் சாய்த்திருந்தார். திரும்பினார். அதே அதிகாரி!

"சார், நீங்களா? உங்க ஆபீஸ்தானே, உள்ளே போய் நீங்களே முத்திரை குத்திக்கலாமே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு லீவும்மா. லீவுல இருக்கிறவன் சீலைத் தொடலாமா? நாளைக்கு யாராவது கேட்டா யார் பதில் சொல்றது?"

"அதானே" என்றேன். மனதார.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. இருவரும் நகர்ந்தோம்.