நாலு குழாய் வண்டி

பந்தயத் தரக் கார்களில் அசல் எது, நகல் எது என்று பிரித்துப் பார்த்துப் பொதுமக்களைக் காக்கும் பொருட்டு ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பொதுமக்கள் இதைக் கேட்கவில்லை. குடிநீர்க் குழாய் கேட்டு ஒன்பது வருஷம் மனு எழுதியவர்களுக்குப் புகைக்குழாய் எண்ணும் அலுவலகம் கிடைத்தது.

சாதாரணக் காரின் பின்புறம் பந்தயக் கார் போல இறக்கை ஒட்டி, நாலு புகைக்குழாய் மாட்டித் தெருவை அதிரவைப்பது அப்போதைய நாகரிகம். நகல் என்று தீர்ப்பானால் வண்டி நேராக நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்.

ஊர் மெக்கானிக் ஒருவர் தன் காரைச் சோதனைக்குச் சிரித்துக்கொண்டேதான் கொண்டுபோனார். பதினோரு வருஷம் நட்டு நட்டாகப் பார்த்துச் சரிசெய்த அசல் பந்தயக் கார் அவருடையது. எஞ்சின் எண், சேஸி எண், தொழிற்சாலைக் கடிதம், மூன்றும் ஒத்துப்போயின.

சோதனை அதிகாரி கடிதத்தைத் தொடவில்லை. பானெட்டைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லையாம். வெளித்தோற்றம் மட்டுமே அலுவலகத்தின் எல்லைக்கு உட்பட்டது. அசலுக்கு அளவுகோலாக முற்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அரசாங்கம் வைத்திருந்த மாதிரி வண்டியோடு ஒப்பிட்டார். அதற்கு நாலு குழாய், இதற்கு இரண்டு. அதன் இறக்கை முழ உயரம், இதனுடையது விரல் உயரம்.

"சார், அதுல ரெண்டு குழாய் சும்மா ஒட்டினது. ஓட்டையே இல்ல, பாருங்க."

"அரசாங்கம் ஒட்டினா அதுக்குப் பேரு பொருத்துறது."

"அப்ப என் வண்டி?"

"நல்ல நகல்தான். கொஞ்சம் அசட்டையா பண்ணிட்டீங்க. தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி முப்பது நாள் டைம் தரேன், சரிபண்ணிட்டு வாங்க."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, "வீம்பு பிடிச்சா வண்டி போயிடும். அவங்க கேக்குறதை ஒட்டிட்டு வாங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்டிக் இறக்கையும் ஓட்டையில்லாத இரண்டு குழாய்களும் ஒட்டினார். அதிகாரி மனம் குளிர்ந்து 'அசல்' என்று முத்திரை குத்தினார்.

அலுவலகத்தின் ஆண்டு விழாவன்று ஊர்வலத்துக்காகக் கூண்டிலிருந்து எடுத்த மாதிரி வண்டி கிளம்ப மறுத்தது. சான்றிதழ் பெற்ற அனைவரும் கார்களோடு திரண்டிருந்தார்கள். கைராசிக்காரர் என்று மெக்கானிக்கை அழைத்தார்கள். பானெட்டைத் திறந்தார். உள்ளே இருந்தது காய்கறி வேன் எஞ்சின். இத்தனை நாள் அவமானத்துக்கும் சேர்த்து ஊரே கேட்கச் சொல்லிவிட வாயெடுத்தார்.

அதிகாரி காதருகே வந்தார். "தாராளமா சொல்லுங்க. இது செல்லாதுன்னா, இதை வச்சுக் கொடுத்த சான்றிதழ் ஒண்ணும் செல்லாது. உங்க வண்டியிலேர்ந்து ஆரம்பிப்போம்."

மதிலுக்கு அந்தப்பக்கம் நசுக்கும் இயந்திரம் எதையோ நொறுக்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பானெட்டை மூடினார். "பேட்டரி வீக் சார். தள்ளினா போதும்."

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள்.

திரும்பும் வழியில் அவர் காரிலிருந்து ஒரு குழாய் கழன்று நடுத்தெருவில் உருண்டது. பின்னால் வந்த சான்றிதழ்க் கார்கள் அத்தனையும் நின்றன. இறங்கி ஓடிவந்து, எடுத்து, துடைத்து, பக்தியோடு கையில் கொடுத்தார்கள். அதில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்துவிடாமலிருக்க எல்லோருமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.