கைதட்டிப் பார்ப்பவர்

அரங்க நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். நாடகம் நடக்கும்போது சபை மொத்தமும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு மனிதர் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். பக்கத்து நாற்காலிக்காரர் பல்லியோ என்னவோ என்று பயந்து தானும் அண்ணாந்து பார்ப்பார். பல்லி இல்லை. கூரைப் பலகையின் சாய்வு. பதினோரு டிகிரி இருக்க வேண்டியது ஒன்பதுதான் இருக்கிறதாம். அந்த இரண்டு டிகிரியில் மனிதர் முழு நாடகத்தையும் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். முப்பத்தெட்டு வருடத்தில் பதினான்கு நாடக அரங்குகளை வரைந்து, கட்டி, திறப்பு விழாவில் மாலை வாங்கிக்கொண்டவர். அதில் அவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பார்த்த நாடகங்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. கேட்டுப் பாருங்கள். நாடகம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, சுவர்தான் நிற்கும் என்பார். சுவரோடு மனிதர் அப்படியொரு சிநேகம்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி, ‘பட்’ என்று ஒரே ஒரு தடவை தட்டுவார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தச் சத்தம் சுவர்களில் மோதி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று உதட்டுக்குள் எண்ணுவார். வங்கியில் தட்டுவார். லிஃப்டில் தட்டுவார். பல் டாக்டர் வீட்டில் தட்டினார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள், வந்தது பல்வலிக்குத்தானா என்பதே இவருக்கு மறந்துபோயிருந்தது.

இதெல்லாம் போகட்டும். ஒருமுறை துக்க வீட்டில் தட்டினார். அவருடைய அலுவலக நண்பரின் தாயார் இறந்துபோயிருந்தார். கூடத்தில் இருபது பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. அத்தான் வாசலில் நின்றார். ‘பட்’. இருபது தலையும் நிமிர்ந்தன. அக்கா அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் நண்பரின் தோளை அன்போடு அணைத்து, “கவலைப்படாதீங்க, ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை போட்டா சரியாயிடும்” என்றார். நான் அந்த வீட்டின் வேறு யாருக்கோ தூரத்து உறவு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், இவருடைய தெய்வம் கடைசி வரிசைக்காரன். மேடையில் ஒருத்தி பெருமூச்சு விட்டால், இருபத்தாறாவது வரிசையில் ஓர நாற்காலியில் இருப்பவன் காதில் அது விழ வேண்டும். அதற்காக இவர் தூக்கம் தொலைப்பார், சாப்பாடு தொலைப்பார், காண்ட்ராக்டரோடு கைகலப்புக்குப் போவார். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் ஏதாவது சொன்னால்? முப்பது வருடமாக அக்கா சமையலறையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். கூடத்திலிருந்து இவர், “சத்தம் வருது, மெய்யெழுத்து தேயுது” என்று பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை அந்த வீட்டில் விசாரணை நடந்ததில்லை.

நடிகர்களைப் பற்றி இவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அரங்கத்துக்குள் வந்து அரங்கத்தை அழுக்காக்குகிறவர்கள். இவர் கட்டும் ஒப்பனை அறைகளில் ராஜாவும் சேனாதிபதியும் முறை வைத்துக்கொண்டுதான் மூச்சு விட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் நடிக்கக் கிளம்பினாள் என்றால் அவள் துணிச்சலை என்னவென்று சொல்வது!

என் மருமகளுக்கு இருபத்தாறு வயது. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் நிரப்புவாள். சாயங்காலங்களில், ஆறு வருடமாக, நாடகம். சேடி, தோழி, கூட்டத்தில் நான்காவது பெண் என்று ஏறி ஏறி, போன வருடம்தான் முதல் தடவையாக முக்கிய வேடம் கிடைத்தது. சுரங்க வேலைக்குப் போன மகன் திரும்பி வராத தாய். கடைசிக் காட்சியில் அவனுடைய சாப்பாட்டுத் தூக்கை மட்டும் யாரோ கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். தாய் ஒரு முழு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் பேசுகிற பேச்சுதான் நாடகமே. மூன்று மாதம் அதைப் பாடம் பண்ணினாள்.

அந்தப் பேச்சைக் கேட்பதற்கென்றே ஓர் அம்மாள் வெளியூரிலிருந்து வந்திருந்தார். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு குழுவின் தலைவி. குழுவுக்கு ஒரு நடிகை தேவை. அலுவலகத்திலோ இவளை எங்கேயோ தூரத்துக்கு மாற்றி உத்தரவு கொடுத்திருந்தார்கள். பேச்சு தேறினால் வாழ்க்கை முழுக்க நாடகம். தேறாவிட்டால் வாழ்க்கை முழுக்கப் படிவம். இதை அத்தானிடம் நான் ஐந்து தடவை சொன்னேன். அக்கா எத்தனை தடவை சொன்னாளோ. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நாடகம் நடக்கப்போவது அவருடைய பன்னிரண்டாவது அரங்கில். திறந்த நாளிலிருந்து அது பாதிக்கு மேல் நிரம்பியதில்லை. அன்றைக்கு அறுநூறு நாற்காலியும் விற்றுப்போயிருந்தன. மனிதர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

ஆட்கள் நிறைய உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடித்துவிடுமாம். ஆகையால் நிறைந்த சபையில் அளந்தால்தான் உண்மை தெரியும். எங்களோடு ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தவர் முதல் காட்சியிலேயே காணாமல் போனார். இரண்டாவது காட்சியில் பதினேழாவது வரிசையில் தென்பட்டார். டிக்கெட் இல்லாமல் நுழைந்தவர் என்று நினைத்து வாயிற்காப்போன் அவரைத் துரத்த, மாடிக்கு ஏறிவிட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. தூக்கு கைக்கு வந்தது. என் மருமகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. நான் தூக்கி வளர்த்த பெண் என்பதே எனக்கு மறந்துபோனது. அப்படியோர் அமைதி எந்த அரங்குக்கும் லேசில் வாய்க்காது. அது அத்தானுக்கும் தெரியும்.

மாடியிலிருந்து, ‘பட்’.

அறுநூறு பேர் என்ன செய்வார்கள்? கலை விஷயத்தில் முதலில் தட்டுகிறவன் விவரம் தெரிந்தவன் என்பது எல்லோருடைய நம்பிக்கை. தட்டினார்கள். அரங்கமே அதிரத் தட்டினார்கள். திரைக்காரர் நாடகம் முடிந்தது என்று திரையை விட்டார். பேசுவதற்காக அப்போதுதான் வாயைத் திறந்த பெண், திறந்த வாயோடு மறைந்துபோனாள். விளக்கு எரிந்ததும் சனங்கள் பையைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி திரையை ஏற்றினால் முதுகுகளுக்குத்தான் நடிக்க வேண்டும்.

நானும் அக்காவும் பின்பக்கம் ஓடினோம். ஒப்பனையைக் கலைக்காமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்னாலேயே அத்தான் முகமெல்லாம் பல்லாக வந்தார். “ஒண்ணே கால் விநாடி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி தாள்ல போட்ட அதே கணக்கு, அப்படியே இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நான் அதுக்கு அப்புறம் என்ன பேச இருந்தேன், தெரியுமா?”

“நீதான் பேசவே இல்லையேம்மா. அதுக்குள்ள திரையை விட்டுட்டான். யாரு அவன்னு விசாரிக்கணும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரை அவர் கட்டிய பதினான்கு அரங்கிலும் மாற்றி மாற்றிப் பூட்டி வைக்கலாம் போலிருந்தது.  

அப்போது வாசலில் அந்தக் குழுத் தலைவி வந்து நின்றார். குட்டையான உருவம், தோளில் துணிப்பை. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்றும், விட்டுப்போன பேச்சைத் தனக்குச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். ஒப்பனை அறையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க இடமில்லை என்பதால் வெளியே நடைவழிக்குப் போனார்கள். உடைந்த நாற்காலிகள், தீயணைக்கும் வாளி, நடுவே என் மருமகள். இரண்டு முழ தூரத்தில் அந்த அம்மாள்.

மறுபடியும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். பிறகு பேசினாள். இருபத்தாறாவது வரிசைக்கு இல்லை, எதிரே நிற்கும் ஒருத்திக்குச் சொல்லும் குரலில். மகன் தூக்கில் பாதிச் சோறு மிச்சம் வைத்திருப்பதைத் தாய் பார்க்கிற இடம் வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அந்தச் சமயம் பார்த்து அத்தான் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “இந்த நடைவழி பேசறதுக்கு ஏத்தது இல்லம்மா, எதிரொலி ஜாஸ்தி, மேடைக்குப் போயிடுங்க” என்றார்.

அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கொஞ்சம் சும்மா இருங்க சார். கேட்டுக்கிட்டிருக்கேன்.”

அடுத்த மாதமே என் மருமகள் அந்தக் குழுவோடு கிளம்பிவிட்டாள். அத்தான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் அரங்கம்தான் மகளைத் தூக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். லைன் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அவர் விசாரிக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அந்த அம்மாள் நடைவழியில் கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியபோது, கண்ணீரும் கம்பலையுமாக நின்ற எனக்கு முதலில் கண்ணில் பட்டது, அதன் இடது காதுக் கம்பி சற்று வளைந்திருந்ததுதான். கையை நீட்டிவிட்டேன். அக்காதான் பிடித்து நிறுத்தினாள்.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற நேரத்துக்குள் பக்கத்து அறையிலிருந்து உங்கள் வீட்டார் இரண்டு தடவை ஏதோ கேட்டார்கள். இரண்டு தடவையும் நீங்கள் ‘ம்’ என்றீர்கள்.

என்ன கேட்டார்கள்?