பொழுதுபோக்கு இல்லாதவன்

மனிதன் உழைப்பதற்காகப் பிறந்தவன் அல்லன். இந்த உண்மையை உலகுக்கு அறிவித்த பெருமை, பெங்களூர் வெளிவட்டச் சாலையில் உள்ள எங்கள் நிறுவனத்தையே சாரும். அறிவிப்பு ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. வேலை இருந்ததால் எல்லோரும் மாலையில்தான் படித்தோம்.

‘கோடைக்கால அனுபவ இயக்கம்’ என்று அதற்குப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் ஊழியர் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு பொழுதுபோக்கைக் கைக்கொள்ள வேண்டும். கட்டாயம் இல்லை. விருப்பம் இல்லாதவர்கள் அதற்கான காரணத்தைத் தங்கள் மேலாளரிடம் விளக்கினால் போதும். இதற்கென்றே ‘அனுபவ விடுப்பு’ என்று புதிய விடுப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. சம்பளம் உண்டு. ஆதாரமாக ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும்.

மனிதவளத் துறைத் தலைவி வித்யாலட்சுமி எங்களைக் கூட்டிப் பேசினார்.

“யாரும் மெஷின் கிடையாது. நாம வாழணும். வாழ்ந்ததை அப்லோட் பண்ணணும்.”

கைதட்டினோம். மேலாளர்கள் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்றார். நான் மேலாளர். என் அறைக் கதவில் ‘கோவிந்தராஜன், டெலிவரி மேனேஜர்’ என்று எழுதியிருக்கிறது. அன்று மாலையே முன்னுதாரணமாகத் தொடங்கினேன்.

முதலில் மண்பாண்டம். இந்திரா நகரில் வகுப்பு. நான் செய்தது பூச்சாடி. என் மனைவி சாந்தகுமாரி அதில் பாத்திரம் தேய்க்கும் நாரைப் போட்டு வைத்தாள். அடுத்தது கன்னடம். இந்த ஊருக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதுதான் நேரம் வாய்த்தது. முதல் பாடம் முடிந்ததும் ஓர் ஆட்டோக்காரரிடம், எவ்வளவு ஆகும் என்று கன்னடத்தில் கேட்டேன். “மீட்டருக்கு மேல அம்பது குடுங்க சார்” என்றார் தமிழில். கன்னடமும் முடிந்தது.

அதன் பிறகுதான் புகைப்படக் கலை என்னைத் தேர்ந்தெடுத்தது.

அலுவலகப் புகைப்படக் குழுவுக்கு ராஜேஷ்குமார் தலைவர். கணக்குப் பிரிவில் இருக்கிறார். கேமராவைக் கேமரா என்று சொல்ல மாட்டார். ‘பாடி’ என்பார். “பாடி யார் வேணா வாங்கலாம் ஜி. லென்ஸ்லதான் விஷயமே இருக்கு.” நான் இரண்டையும் வாங்கினேன். விஷயம் தனியாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவாஜிநகருக்குப் போனோம். ‘வாழ்க்கையை’ எடுப்பது திட்டம். ஒரு கோழிக் கடையில் வாழ்க்கை தென்பட்டது. குழு மொத்தமும் கூண்டின் முன்னால் மண்டியிட்டது. வாடிக்கையாளர்கள் சுற்றிப் போனார்கள்.

“க்யா சார், கறி வேணுமா, போட்டோ மட்டும் போதுமா?” என்றார் கடைக்காரர்.

“நீங்க சும்மா இயல்பா இருங்க பாய். எங்களைப் பாக்காதீங்க” என்றார் ராஜேஷ்குமார்.

“என் கடையில உக்காந்துக்கினு என்னையே பாக்காதங்கிறீங்க. நல்லாருக்கு சார்.”

அந்தப் படத்துக்கு ‘மௌனம்’ என்று பெயர் வைத்தேன்.

என் குழுவும் வாழத் தொடங்கியது. அருண்குமார் முருடேஸ்வரத்துக்குப் போய்க் கடலுக்குள் மூழ்கக் கற்றான். ஸ்னேஹா களரி கற்கக் கேரளம் போனாள். சுளுக்கிய தோளுடன் இன்னும் ஒரு வாரம் அனுபவித்துவிட்டு வந்தாள். ஆதாரப் படங்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் எதிலும் இல்லை.

அவன் பெயர் யுவன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டு வங்கி. அதன் கணினிகளை எங்கள் கட்டடத்துக்குள் இருந்துதான் தொட முடியும், வீட்டிலிருந்து முடியாது. குழு முழுவதும் வாழும்போது யாராவது ஒருவர் அந்தக் கணினிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொழுதுபோக்கு இல்லாத யுவனிடம் அந்தப் பொறுப்பு இயல்பாகவே போய்ச் சேர்ந்தது. அவனுடைய வேலையையும் அருண்குமாருடைய வேலையையும் ஸ்னேஹாவுடைய வேலையையும் அவனே பார்த்தான். ஏன் வாழாமல் இருக்கிறாய் என்று ஒருமுறை அக்கறையோடு கேட்டேன். “டைம் இல்ல சார்” என்றான். இந்த மனநிலையைத்தான் இயக்கம் ஒழிக்க முயன்றது.

மே மாத நடுவில் அவன் என் அறைக்கு வந்தான்.

“சார், லீவு வேணும். கிருத்திகாவுக்கு நாள் நெருங்கிடுச்சு.”

கிருத்திகா அவன் மனைவி. தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து குடியாத்தத்தில் தாய் வீட்டில் இருந்தார். அப்பா இல்லை. அம்மா மட்டும்தான்.

“பனிக்குடத்துல தண்ணி கொறைவா இருக்குதாம் சார். ஆபரேஷன் ஆனாலும் ஆகும்ங்கிறாங்க. அத்தை பயந்துகினு இருக்காங்க, கையெழுத்து போடணும்னா யாரு போடறதுன்னு. கிருத்திகா ஒரே அழுகை. நீ பக்கத்துல இருந்தாதான் உள்ளயே போவேங்குது.”

“பேட்டர்னிட்டி லீவு இருக்கேப்பா?”

“அது பொறந்தப்புறம்தான் சார். பர்த் சர்ட்டிஃபிகேட் வெச்சாதான் அப்ளை ஆவுது.”

விதி நியாயமானது. இன்னும் பிறக்காத குழந்தைக்கு இவன்தான் தந்தை என்று நிறுவனம் எதை வைத்து நம்பும்? மற்ற விடுப்புகள் வளைகாப்புக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கும் தீர்ந்துவிட்டன. என் பதவியில் ‘டெலிவரி’ இருந்தாலும் இந்த டெலிவரி என் அதிகார வரம்புக்குள் வரவில்லை. இதை அவனிடம் மென்மையாகச் சொன்னேன்.

அவன் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்ப அனுபவ விடுப்புல போறேன் சார்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி மனிதனையும் இயக்கம் தொட்டுவிட்டது.

ஓர் அனுபவம் அனுபவம்தானா என்று தீர்மானிக்க மூவர் குழு இருந்தது. வித்யாலட்சுமி, ராஜேஷ்குமார், நான். யுவன் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

“உங்க ஹாபி என்ன யுவன்?” என்றார் வித்யாலட்சுமி.

“ஊருக்குப் போறது மேடம்.”

“அது ஹாபி இல்லையேப்பா. டிராவல்னு போடலாம்னா, குடியாத்தம்ங்கிறீங்க.”

யுவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கூட்டங்களில் நடுநிலை காப்பது என் வழக்கம்.

“போட்டோ எடுக்கறேன் மேடம்.”

ராஜேஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன பாடி?”

“ஐயோ சார், ஆஸ்பத்திரி விஷயம், அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

“கேமராவைக் கேக்கிறார்ப்பா” என்று விளக்கினேன்.

“போன்ல எடுப்பேன் சார்.”

“சரி. சப்ஜெக்ட்?”

“குழந்தை.”

“லைட்டிங் எப்படி?”

“ஜெனரல் வார்டு சார். ட்யூப் லைட் இருக்குது.”

ராஜேஷ்குமார் உண்மையான வருத்தத்துடன் தலையை ஆட்டினார். “ட்யூப் லைட்ல ஸ்கின் பச்சையா வரும் ஜி. ஆரம்பத்துலயே இதை எடுத்தா கான்ஃபிடன்ஸ் போயிடும்.”

வித்யாலட்சுமி இன்னும் ஆழமாகப் போனார். “இதுல புதுசா என்ன இருக்கு யுவன்? குழந்தை எல்லார் வீட்லயும்தானே பொறக்குது?”

“எங்க வீட்ல இதான் மேடம் முதல் தடவை.”

இந்த வாதம் கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை. தீர்மானம் ஏற்றப்பட்டது: ‘விண்ணப்பதாரரின் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆயினும் கோரப்படுவது அனுபவம் அன்று; சொந்த வேலை.’

அடுத்த விண்ணப்பம் என்னுடையது. தாண்டேலிக் காட்டில் இருவாச்சிப் பறவையைப் படம் எடுப்பது. ஒருமனதாக ஏற்கப்பட்டது. மூவரில் நானும் ஒருவன் என்பதால் ஒருமனம் எளிதாயிற்று.

ஒரு சிறு சிக்கல் இருந்தது. நான் காட்டில் இருக்க வேண்டிய சனிக்கிழமைதான் வங்கியின் புதிய மென்பொருள் வெளியாகும் நாள். மேலாளர் கட்டடத்தில் இருந்து ஒப்புதல் தர வேண்டும். இளைய தலைமுறையிடம் தலைமைப் பண்பு குறைந்து வருவதை நீண்ட நாளாகக் கவனித்து வந்திருக்கிறேன். யுவனைக் கூப்பிட்டேன்.

“நானா சார்? டாக்டர் அந்த வாரம்தான் தேதி குடுத்திருக்காரு.”

“தேதி குடுத்தா அன்னிக்கேவா பொறந்துடும்? என் பையனுக்குப் பத்து நாள் தள்ளிப் போச்சு.”

“அப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“ஆஸ்பத்திரிலதான். பத்து நாளும். அது வேற காலம்பா. அப்பல்லாம் ஹாபி கிடையாது.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மேலாண்மையில் இது அடிப்படைப் பாடம்.

தாண்டேலி. காலை வெயில் இலைகளின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி கோவிந்தப்பா ஒரு பெரிய மரத்தின் எதிரில் பச்சை வலை கட்டி என்னை அதன் பின்னால் உட்கார வைத்தார். மரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு கீறல். கீறலுக்குள் பெண் பறவையின் அலகு நுனி தெரிந்தது.

“கண்டு பக்ஷி பருத்தே” என்று கிசுகிசுத்தார் கோவிந்தப்பா. ஆண் பறவை வரும். என் கன்னடம் வீண்போகவில்லை.

வந்தது. காற்றை அறுக்கும் ஓசையோடு கிளையில் இறங்கியது. தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லை. என் கண்கள் கலங்கின. கேமராவின் பின்புறம் பனித்தது.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யுவன். துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. கோவிந்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஸார், ஃபோன் ஆஃப் மாடி.” அதற்குள் ஒரு செய்தி வந்துவிட்டது. ‘சார் வலி வந்துடுச்சாம். யாரையாவது அனுப்புங்க. நான் கிளம்பணும்.’

‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்று பதில் அனுப்பினேன். ஒரு வகையில் உண்மை. மூவர் இருந்தோம். மரத்துக்குள் ஒருவர்.

போனை அணைத்தேன். ஆண் பறவை மீண்டும் வந்தது. பின்னால் பரிசு வாங்கிய படம் அப்போது எடுத்ததுதான்.

மதியம் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் போனை மறுபடி உயிர்ப்பித்தேன். கடமை தவறாதவன் என்பதால் முதலில் யுவனைத்தான் அழைத்தேன்.

“ரிலீஸ் என்னப்பா ஆச்சு?”

“முடிஞ்சிது சார். உங்க பேர்ல அப்ரூவல் குடுத்துட்டேன்.”

“பிரச்சினை?”

“ஒண்ணும் இல்ல சார். பொண்ணு சார்.”

“எந்தப் பொண்ணு?”

“எனக்கு. ஆபரேஷன்தான். அத்தை கையெழுத்து போட்டாங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

வாழ்த்தினேன். எனக்காக அவன் ஒப்புதல் தந்திருக்கிறான். அவனுக்காக அவன் மாமியார் கையெழுத்திட்டிருக்கிறார். அதிகாரப் பகிர்வு கடைக்கோடி வரை சென்று சேர்வதை அன்றுதான் கண்டேன்.

“இப்ப கிளம்பட்டுமா சார்?”

“தாராளமா கிளம்பு. சர்ட்டிஃபிகேட்டை மறக்காம வாங்கிக்கோ.”

ஜூன் தொடக்கத்தில் இயக்கத்தின் நிறைவு விழா. அலுவலக வரவேற்புக் கூடத்தில் கண்காட்சி. என் இருவாச்சி ஆள் உயரத்துக்கு அச்சிடப்பட்டு நடுச் சுவரில் நின்றது. ‘தந்தை’ என்று பெயர் வைத்திருந்தேன். முதல் பரிசு. நடுவர் ராஜேஷ்குமார் என் லென்ஸை வெகுவாகப் பாராட்டினார்.

“வொர்க்-லைஃப் பேலன்ஸ்னா என்னன்னு ஒரு பறவை நமக்குச் சொல்லுது” என்றார் வித்யாலட்சுமி. பலர் போனில் குறித்துக்கொண்டார்கள். நான் தந்தைமை பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன். சில வார்த்தைகள் நீண்டுவிட்டன. வடை ஆறிப்போனதாகப் பிறகு சொன்னார்கள்.

யுவன் கடைசி வரிசையில் நின்றான். விடுப்பு முடிந்து அன்று காலைதான் திரும்பியிருந்தான். கையில் போன். வீடியோ அழைப்பில் கிருத்திகா. குழந்தையைப் பார்க்க அழைத்தானாம். நான் மேடையை விட்டு இறங்கி நேராக அவனிடம் போனேன். வெற்றியைக் கீழுள்ளவர்களோடு பகிர்ந்துகொள்வது என் இயல்பு. போனை வாங்கினேன்.

திரையில் தூக்கம் இல்லாத ஒரு முகம். தோளில் ஒரு துணி. குழந்தை தெரியவில்லை; சத்தம் கேட்டது.

“எப்படிம்மா இருக்கீங்க? நான்தான் கோவிந்தராஜன், யுவனோட மேனேஜர்.”

“தெரியும் சார்” என்றார்.

“இங்க பாருங்க, நான் எடுத்தது.” போனைப் படத்தின் பக்கம் திருப்பினேன். “இருவாச்சின்னு பேரு. பொம்பளைப் பறவை முட்டையிடப் பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கும். வெளிய வர முடியாது. ஆம்பளைப் பறவைதான் எல்லாம். குஞ்சு பொரிச்சு வளர்ற வரைக்கும் அதை விட்டு எங்கயும் போகாது.”

“ஒரு நாள் கூடவா சார்?”

“ஒரு நாள் கூட. எவ்ளோ தூரம் பறந்தாலும் திரும்பி அந்த மரத்துக்கே வந்துடும். வேற எந்த வேலையும் பாக்காது.”

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். யுவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருத்திகா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாருக்குது சார்” என்றார். “அதுக்கு மேனேஜர் இல்லீங்களா?”

“பறவைக்கா? இல்லம்மா.”

“அதான்” என்றார்.