3சி வீட்டின் வாடகை வரலாறு

தன் பெயர் லுஸ் மரீனா ஒஸோரியோ என்று சொல்லும்போது ஆம்புரோஸ் கீகன் குரலை ஒரு கட்டை ஏற்றிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது ஆண்குரல் அவ்வளவு சுலபத்தில் ஏறுவதில்லை. மறுமுனையில் இருந்த மாநில வாடகை அலுவலகப் பெண்மணி, "ஜலதோஷமா, மேடம்?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றார் கீகன்.

வீட்டின் வாடகை வரலாறு வேண்டும், தபாலில் அனுப்பிவிடுங்கள் என்றார். பெயரையும் தொலைபேசி எண்ணையும் கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். குரல் இறங்கிவிடக் கூடாதே என்பதிலேயே முழுக் கவனமும் இருந்தது. முகவரி கேட்டபோது மட்டும் சீட்டைப் பார்க்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் வருகிற முகவரி அது.

கீகன் ஒரு வாரப் பத்திரிகையில் தகவல் சரிபார்ப்பவர். பிறர் எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் உண்மைதானா என்று விசாரித்து, அதன் தலைமேல் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவது வேலை. செத்துப்போன ஒரு செனட்டரின் நாய் ஆணா பெண்ணா என்று உறுதி செய்ய, செனட்டரின் மனைவிக்கு மூன்று முறை போன் செய்தவர். அந்தக் கதையை எல்லா விருந்துகளிலும் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த கோப்பை வாங்கி வருவதாக எழுந்து போவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வீட்டுக்காரர் பாவ்லிக்கிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. புது ஒப்பந்தத்துக்கு மாதம் மூவாயிரத்து நூறு டாலர், இஷ்டமில்லையென்றால் மூன்று மாதத்துக்குள் காலி செய்யலாம். இது அரசின் எந்த வாடகைக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாத வீடு, சந்தை நிலவரம்தான் வாடகை என்று கடிதம் சொன்னது. பதினோரு வருஷம் குடியிருந்த கீகன் அதைச் சந்தேகிக்கவில்லை. கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

மூவாயிரத்து நூறு அவரால் முடியாது. சன்னிசைடு பகுதியை விட்டுப் போகவும் முடியாது. மகள் மேவுக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்பாவுக்கு வீடு இருக்கும்வரை வாரத்தில் நான்கு நாள் அவள் அப்பாவிடம் இருக்கலாம். இல்லாவிட்டால் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. விவாகரத்துத் தீர்ப்பில் அப்படி எழுதியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூலை திரும்பினால் வருகிற கட்டடத்தில் ஒரு வீடு காலியாகப் போவதாகத் தெரிந்தது. கீகன் இருந்தது 41ஆவது தெருவில் 43-16. அது 43ஆவது அவென்யூவில் 41-16. இரண்டுமே 3சி. குயின்ஸில் தெருக்களுக்கு எண் வைத்த புண்ணியவான் எந்த வீட்டுக்கும் பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டவனாக இருக்க முடியாது. தபால்காரர் டெல்ராய், அங்கே குடியிருந்த லுஸ் மரீனாவின் மின்சாரப் பில்லைக் கீகனின் பெட்டியிலும் கீகனின் பத்திரிகைகளை அந்த அம்மாளின் பெட்டியிலும் வருஷக்கணக்காகப் போட்டு வந்தார். கீகன் வருஷத்துக்கு ஒன்றாகப் பதினோரு புகார் எழுதியிருந்தார், அடிக்குறிப்புகளோடு.

பழைய கட்டடம், முப்பது வீடு. கட்டுப்பாட்டு வாடகை வீடாக இருக்க வாய்ப்புண்டு. இருந்துவிட்டால் வருஷா வருஷம் நகரத்து வாரியம் சொல்கிற சில்லறை உயர்வுதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று வீட்டுக்காரன் சொல்லவும் முடியாது. மேவ் படித்து முடித்துக் கல்லூரிக்குப் போகும்வரை நிம்மதி. ஆனால் அதற்கு அத்தாட்சி, மாநில அலுவலகத்தில் வருஷா வருஷம் பதிவாகும் வாடகை வரலாறு. அதைக் கேட்டு வாங்கும் உரிமை குடியிருப்பவருக்கு மட்டுமே.

லுஸ் மரீனா தங்கையோடு இருக்க ஃப்ளோரிடாவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். "அங்க போன் பண்ணா பாட்டைப் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார வைப்பான் தம்பி. என் பேரைச் சொல்லி நீங்களே கேட்டுக்கங்க," என்றவர் மூலையில் நின்ற கனமான மர அலமாரியைக் காட்டினார். "அதைக் கீழ இறக்கிக் கொடுத்துட்டு."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அலமாரியோடு மூன்று மாடி இறங்கியதில் கீகனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போன் செய்தபோதுகூடச் சாய்ந்துதான் நின்றிருந்தார்.

போனை வைத்த பிறகுதான் அடுத்த சிக்கல் உறைத்தது. கடிதம் லுஸ் மரீனாவின் பெட்டிக்கல்லவா வரும்? அந்த அம்மாள் அதற்குள் போய்விட்டார். பெட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் கீகன் தெருமுனையில் டெல்ராயின் தள்ளுவண்டிக்காகக் காத்திருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் காலை வணக்கம் சொன்னார். அந்தக் கவர் வந்தால் தன்னிடம் தர முடியுமா என்று கேட்டார்.

டெல்ராய் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அடுத்தவங்க தபாலை உங்க கையில கொடுக்கணும். எதுக்கு சார், பன்னெண்டாவது புகார் எழுதறதுக்கா?" என்றார்.

ஆனால் மூன்றாம் நாள் கவர் கீகனின் பெட்டியிலேயே கிடந்தது. வழக்கமான தப்பு. அந்தத் தப்புக்குக் கீகன் முதல் முறையாக நன்றி சொன்னார்.

படிக்கட்டிலேயே கவரைக் கிழித்தெறிந்துவிட்டு, தாளை மேஜைமேல் விரித்து, சிவப்புப் பென்சிலை எடுத்தார். நாற்பத்தொன்று இருந்தது, டிக். நாற்பத்துமூன்று, டிக். பதினாறு, டிக். 3சி, டிக். 1984இலிருந்து ஒவ்வொரு வருஷமும் கட்டுப்பாட்டு வாடகை என்றே பதிவாகியிருந்தது. கடைசிப் பதிவு 2011, வாடகை ஆயிரத்து நாற்பத்தாறு டாலர். அதற்குப் பிறகு வீட்டுக்காரன் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டான்; வீட்டைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த குறிப்பு எங்கேயும் இல்லை. லுஸ் மரீனா இருபது வருஷமாக இருந்த வீட்டில் ஹோராக் என்று யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. 'பொய்ப் பெயர்' என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டார். எப்பேர்ப்பட்ட அயோக்கியர்கள் என்று அவருக்குச் சிலிர்த்தது.

திட்டம் உடனே தயாரானது. கேட்ட வாடகைக்கு வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது, உள்ளே போய் உட்கார்ந்த பிறகு இந்தத் தாளை நீட்டுவது.

புது வீட்டு ஏஜெண்டு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது சொன்னான். சொல்லிவிட்டுக் கீகனின் நைந்த சட்டைக் கையைப் பார்த்தோ என்னவோ, "இது கட்டுப்பாட்டு வாடகை இல்ல சார். அப்புறம் யாரும் சொல்லலைன்னு சொல்லக்கூடாது," என்றான்.

கீகன் புன்னகை செய்தார். அந்த ஊரில் வீடு தேடிய மூன்று மாதத்தில் அவரிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்.

பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னதும் பாவ்லிக் காட்டிய அன்பு அவரை நெகிழ வைத்தது. முன்பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தார். வண்டிச் செலவுக்கு மேற்கொண்டும் கொடுத்தார். சும்மா ஒரு சம்பிரதாயம் என்று ஒரு தாளை நீட்டினார். மனப்பூர்வமாகக் காலி செய்கிறேன், இந்த வீட்டின்மேல் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்றிருந்தது. கீகன் அதில் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார். பேனா பாவ்லிக்குடையது. அதையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

புது வீட்டில் மேவ் தன் அறைச் சுவரில் திமிங்கிலப் படம் ஒட்டினாள். "இங்க எவ்வளவு நாள்ப்பா?" என்று கேட்டாள்.

"நீயே போதும்னு சொல்ற வரைக்கும்," என்றார் கீகன். "அப்பா சரிபார்த்துட்டேன்."

முதல் மாத வாடகையிலேயே சேமிப்பில் பாதி போயிற்று. மறுநாள் கீகன் புது வீட்டுக்காரருக்குப் பதினான்கு அடிக்குறிப்புகளோடு ஒரு கடிதம் எழுதினார். வரலாற்றின் நகலையும் இணைத்தார். வக்கீலிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. தாங்கள் அனுப்பிய நகலுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை, நன்றி. திருட்டுப் பயல்கள் என்று முடிவு கட்டிய கீகன் மறுபடி வாடகை அலுவலகத்துக்குப் போன் செய்தார். இப்போது அவரே குடித்தனக்காரர். சொந்தக் குரலில் பேசினார். புது முகவரி என்பதால் ஒப்பந்தத்தைப் பார்த்து எண் எண்ணாகப் படித்தார்.

கவர் வரும் என்று எதிர்பார்த்த நாட்களில் ஜன்னலோரம் நின்றிருந்தார். அங்கிருந்து பழைய வீடு தெரியும். பாவ்லிக் வாசலில் ஒரு பெரிய குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். 3சி, 3டி இரண்டுக்கும் நடுச்சுவரை இடித்து ஒரே வீடாக்கிக்கொண்டிருந்தார்கள். கீகனின் சமையலறைத் தொட்டி கீழே மழையில் நனைந்துகொண்டிருந்தது. அந்த ஆளுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று அவர் ஒரு நொடி யோசித்தார். ஒரு நொடிதான்.

வியாழக்கிழமை டெல்ராய் கவரைக் கையிலேயே கொடுத்தார். அங்கேயே பிரித்தார் கீகன். ஒரே தாள், ஒரே வரி: 1997இல் சட்டப்படி கட்டுப்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் பழைய புகார்க்காரக் களை திரும்பியிருந்தது. "டெல்ராய், இது என் பழைய வீட்டோடது. மறுபடியும் மாத்திக் கொண்டாந்துட்டீங்க."

டெல்ராய் கவரை வாங்கிப் பார்த்தார். "நாப்பத்துமூணாவது அவென்யூ, நாப்பத்தொண்ணு பதினாறு. இந்த வீடுதான் சார்."

"அப்ப போன மாசம் வந்தது? அதுவும் இதே மாதிரி கவர்தான். இந்தப் பெட்டிக்கு வர வேண்டியது. நீங்க வழக்கம்போல அந்தத் தெருவுல என் பெட்டியில போட்டீங்களே."

டெல்ராய் வண்டியைத் தள்ளப் போனவர் நின்றார். அவர் குரலில், பல வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஒரு சின்னப் பெருமை இருந்தது.

"பேருதான் அந்தம்மாவோடது, விலாசம் நாப்பத்தொண்ணாவது தெரு, நாப்பத்துமூணு பதினாறு. அது உங்க பழைய வீட்டுக் கவர்தான் சார், பதினோரு புகார் எழுதின மனுஷனாச்சேன்னு, அதை ஒண்ணை மட்டும் ரெண்டு தடவை படிச்சுச் சரிபார்த்துட்டுத்தான் போட்டேன்."