பன்ரண்டர் பிழையாக்கிய கிற்றார்

மன்னார்த் தீவில் ஒரு கலியாண வீட்டைச் செத்த வீடாக்கும் வல்லமை பன்ரண்டர் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் குடிக்கவும் மாட்டார், சண்டை பிடிக்கவும் மாட்டார். எங்கள் இசைக்குழுவில் மின் கிற்றார் வாசிப்பார். அது போதும்.

பகலில் படகு எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். பன்ரண்டர் என்ற பட்டப்பெயர் கிற்றாரால் வந்தது. அதன் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளைப் பிரெட் என்பார்கள். பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பியை அமர்த்தினால், அமர்த்தாமல் மீட்டிய அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். மயிரிழை கூடினாலும் மனிதரின் முகம் கறுத்துவிடும். எங்கள் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், திருகாணி இறுகும். ஆகவே அவருடைய முகம் எப்போதும் கறுத்தே இருந்தது.

ஓலைத்தொடுவாயில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து ஆடத் தொடங்கியதுமே பன்ரண்டர் வாசிப்பை நிறுத்திவிட்டார். கிற்றாரை மடியில் கிடத்தித் திருகாணியைத் திருகுகிறார். கீபோர்ட்டோடு நான் நடுத்தெருவில் விடப்பட்டவன்போல நிற்கிறேன். மாப்பிள்ளையின் தாய் ஓடி வந்தார்.

"என்ன தம்பி, கரண்ட் போயிட்டுதோ?"

"கரண்ட் இருக்கம்மா. மூண்டாம் கம்பிதான் மேல போய்க் கூவுது."

"ஐயோ, ஆர் இப்ப கம்பியைக் கேட்டது? பிள்ளையள் காலைத் தூக்கினபடி நிக்குதுகள்!"

"நிக்கட்டும். பிழையான சுரத்துக்கு ஆடினா எல்லாம் பிழைச்சுப் போகும்."

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த சிநேகிதன் அந்தோனி. தலைமன்னாரில் கடற்தொழில், எங்கள் குழுவின் பாடகர். அவரிடமும் ஒரு மின் கிற்றார் இருந்தது. அதன் கம்பிகளில் விரல் மேலே போகப் போகச் சுருதி வேண்டியதைவிடக் கூடிக்கொண்டே போகும். பன்ரண்டருக்கு அது பல்வலி.

"தா மச்சான், கொஞ்ச நேர வேலை."

"விடு மச்சான். அது என்ர குரலுக்குப் பழகினது."

மடுத் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்திருந்தபோது, அந்தோனி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து இவர் திருகாணியில் கைவைத்தார். அந்தோனி வாளியோடு திரும்பி வந்துவிட்டார். வாளித் தண்ணீர் முழுவதும் பன்ரண்டரின் தலையில். ஈரத்தோடே இவர், "நாலாம் கம்பியை மட்டுமெண்டாலும் தாவன்" என்று கெஞ்சினார்.

போன வாடைக் காலத்தில், கரைக்கு வந்த படகிலேயே அந்தோனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அடக்கத்தன்று பன்ரண்டர் மழையில் கல்லறைச் சுவரோரம் தனியே நின்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முன்பு அந்தோனியின் மனைவி ரீற்றா கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். அவர் கிற்றாரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் இதில வாசிக்க வேணும்."

பன்ரண்டர் விறாந்தையில் குந்தினார். துருவுக்கு எண்ணெய் விட்டார். ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, அதைத் தாங்கும் சின்ன இரும்புத் துண்டைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி முறுக்கி, பன்னிரண்டில் அமர்த்திக் கேட்டார். வேலை முடிந்தபோது மேலும் கீழும் ஒரே சுரம். இத்தனை வருட ஆசை நிறைவேறியிருக்கிறது, மனிதர் துள்ளுவார் என்று பார்த்தேன். கையைத் துடைத்தார், அவ்வளவுதான்.

பிறகு அந்தோனி வழமையாகப் பாடும் மாதா பாட்டை வாசித்தார். ரீற்றா கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவரில்ல அண்ணை."

பன்ரண்டர் என்னைப் பார்த்தார். ரீற்றாவைப் பார்த்தார். பிறகு திருகாணியை மறுபக்கம் திருகத் தொடங்கினார். ஒவ்வொரு திருகுக்கும், மயக்க மருந்தில்லாமல் பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர்போல முகம் கோணியது.

"இவ்வளவோ தங்கச்சி?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

ரீற்றா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வடிந்தது. "ஓம் அண்ணை. போதும்."

"போதாது," என்றார் பன்ரண்டர். "ரெண்டாம் கம்பி அவனிட்ட இதைவிட மோசம். எனக்குத் தெரியும்."

நினைவு நாளன்று செபம் முடிந்ததும் அவர் வாசித்தார். மேல் சுரங்கள் எல்லாம் பிசகின. முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் ட்ரம்ஸ்காரர் கண்ணைத் துடைத்தபடி எழுந்து வெளியே போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம் பன்ரண்டர் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் மூலைக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"பிழை சரியா விழுந்துதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. ஒரு குறையும் இல்லை."

அதன் பிறகுதான் சோற்றில் கைவைத்தார். மீனில் முள்ளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கண் அப்போது எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.