மச்சானின் சீர்த்தட்டும் என் தீப்பொறி ஊசியும்

தானாகவே தொழில் கற்றவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தப்பு என்று சொல்ல வாத்தியார் இல்லாததால், செய்வதெல்லாம் சரியாகவே படும். அந்தச் சௌகரியத்தில் நான் திருச்செங்கோட்டில் சுகமாக இருந்தேன், மகளின் காதுகுத்துக்கு முதல்நாள் வரை.

மேடையில் மகள் பெயர் விளக்காக ஓடி ஓடி எரியும், அதற்கான சர்க்யூட் போர்டை நானே செய்வேன் என்று சொந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். செம்பு ஒட்டிய அட்டையில் வேண்டாத செம்பை எடுத்தால் போர்டு. எல்லோரும் ஆசிட்டில் கரைப்பார்கள். நானும் ஒருமுறை கரைத்து, சமையலறை டைல்ஸ் மஞ்சளாகி, ஆசிட் எங்கள் ஊட்டில் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. அதனால் தீப்பொறி முறை. பழைய பிரிண்டரின் உடம்பில் தையல் ஊசியைக் கட்டி, எண்ணெயில் மூழ்கிய செம்பை, ஊசிமுனையில் தெறிக்கும் பொறியால் கோடு கோடாகச் சுட்டெடுப்பது. (செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். தரத்தில் நான் குறை வைப்பதில்லை.)

எண்ணெய் ஊற்ற விளிம்புள்ள தட்டு வேண்டும். என் மனைவியின் அண்ணன் செங்கோட்டுவேல் மச்சான், எடப்பாடியிலிருந்து அன்றுதான் சீர்த்தட்டோடு வந்திறங்கியிருந்தார். நடுவில் அவர் பெயர் வெட்டிய பெரிய எவர்சில்வர் தட்டு. காலையில் சபை நடுவே, தாய்மாமனாக அவர் ஏந்தி வரவேண்டியது. அரை மணிநேரம்தானே என்று எடுத்துவிட்டேன். கரண்ட் கிளிப்பையும் தட்டின் விளிம்பிலேயே மாட்டி, அங்கிருந்து செம்புக்கு ஒரு கம்பியை வளைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டுக் கூடத்துக்குப் பெருமை பேசப் போனேன்.

"சத்தம் கேக்குதுங்களா மச்சான்? செம்பு எரியற சத்தம்."

"கடலெண்ணெய் வாசமில்ல வருது மாப்பிள்ளை."

உள்ளேயிருந்து மனைவி, "ஏனுங்க, பஜ்ஜியா சுடறீங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "அண்ணா, இங்க வந்து பாருங்க."

அட்டை எண்ணெயில் வழுக்கி ஓரம் போயிருந்தது. ஊசிக்கு அது எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் சொன்னபடி, முழு சர்க்யூட்டையும் தட்டின் மேல், மச்சான் பெயரின் குறுக்கே, ஒரு கோடு விடாமல் சுட்டு முடித்திருந்தது. (என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வந்த போர்டு அது ஒன்றுதான்.) புளி போட்டுத் தேய்த்தேன். இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மச்சான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இனி என்னைத் தொட்டா ஷாக் அடிக்குங்களா?"

காலையில் மேடை விளக்கு எரியவில்லை. சீர் அதே தட்டில்தான் வந்தது. பழத்தைப் பரப்பி மூடிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இருக்கட்டுங்க, மாப்பிள்ளை கைவேலை" என்று பழத்தை ஒதுக்கி ஒதுக்கிச் சபை முழுக்கக் காட்டினார்.

இப்போதும் அந்தத் தட்டில் முறுக்கு வைத்து நீட்டினால், மகள் உடனே எடுக்கமாட்டாள்.

"அப்பா, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"