கோட்டு ஸ்டாண்டு நிலைபெற்ற படலம்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னர்! சுவரில் எறும்பளவு எழுத்தை மாட்டி, வந்தோர் விழியெல்லாம் அளந்து சொல்லித் தம் விழி களைத்த அந்த வித்தகர் வாழ்க! இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் கண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்த்தவரிடம், உம் கண்ணுக்கு எதுவய்யா அழகு என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்பெருந்துயர் துடைக்க அவர் தாமே புறப்பட்ட கதையைப் பாடத் துணிந்தோம். செந்தமிழே, நாக்குப் பிறழாமல் எம்மைக் காப்பாயாக.

மூடிப்போன பழைய ஹோட்டல் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்ட சனிக்கிழமை காலையில் அவர் அதைக் கண்டார். இத்தாலி நாட்டுக் கலைஞன் ஒருவன் கனவில் கருவாகி, மெல்லிய வெள்ளிநிறக் குழாயில் உருவாகி, அறுபது ஆண்டு அகவை கடந்தும் அழகு குன்றாமல், மூன்று கால் ஊன்றி, ஒற்றைத் தண்டாய் ஓங்கி, உச்சியில் ஆறு கரம் விரித்து, கரந்தோறும் ஒரு சிவப்பு மரக்குமிழ் ஏந்தி நின்ற அந்த அறுகரத்தான், ஒரு கோட்டு ஸ்டாண்டு. நாயகரின் நெஞ்சு அங்கேயே பறிபோயிற்று. டாக்சி ஜன்னல் வழியே அதன் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, புதுப்பெண்ணை அழைத்து வருவதுபோல் அதை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

ஹாலில், சோபாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே, அறுகரத்தான் அரியணை ஏறினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை; மாமனாரின் குடை, மனைவியின் கைப்பை, காய்கறிப் பை ஆகிய மூவகைப் பகைப்படையும் அவன்மேல் ஏறிவிட்டன. வெகுண்டெழுந்த நாயகர் மூன்றையும் பிடுங்கிக் கீழே போட்டு, சோபாவில் செய்தித்தாளுக்குள் மூழ்கியிருந்த மாமனாரும் சமையலறை வாசலில் நின்ற மனைவியும் சாட்சியாக, வஞ்சினம் உரைத்தார்.

"கோட்டு மட்டும்தான் இதுல தொங்கணும். நான் இருக்கிற வரைக்கும் வேற எதுவும் தொங்கக் கூடாது."

மனைவியோ பள்ளியில் பௌதிகம் நடத்துபவர். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் வாயடைக்க வைக்கும் பேராற்றல் படைத்தவர். அறுகரத்தானின் ஒல்லித் தண்டை அடிமுதல் முடிவரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் எதிர்ச்சூளுரை விடுத்தார்.

"சரிங்க, அப்ப கோட்டு எங்க? நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இதுல ஒரு கோட்டாவது நிக்கணும். இல்லன்னா இது பால்கனிக்குப் போகுது. எனக்குப் போர்வை காயப்போட இடம் பத்தல."

அந்த வீட்டில் கோட்டுப் போடுகிறவர் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் நாயகருக்கு உறைத்தது. வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டார்.

இருந்தது ஒன்றே ஒன்று: பத்தொன்பது ஆண்டுகளாக அலமாரியின் உச்சியில், பெட்டிக்குள் சிறைப்பட்டுக் கிடந்த கல்யாணக் கோட்டு. ஞாயிறு மதியம், உண்ட மயக்கத்தையும் துறந்து, நாற்காலிமேல் முக்காலி ஏற்றி, முக்காலிமேல் தாம் ஏறி, தூசிப்படலம் சூழ, ஒன்பது தும்மலை முரசொலியாய் முழக்கி, பெட்டியோடு மல்லுக்கட்டி, துருப்பிடித்த பூட்டை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்து, முழங்கையில் சிராய்ப்பென்னும் விழுப்புண்ணும் ஏற்று, வெற்றி வீரராய்க் கோட்டோடு இறங்கினார். கனத்த கம்பளிக் கோட்டு. அதை முதற்கரத்தில் மாட்டினார். அறுகரத்தான் வேரற்ற மரம்போல் சாய்ந்தான். தாங்கிப் பிடித்து அடுத்த கரத்தில் மாட்டினார். அந்தப் பக்கம் சாய்ந்தான். ஆறு கரத்திலும் மாட்டிப் பார்த்தார். ஆறு முறையும் மண்ணைக் கவ்வ இருந்தவனை ஆறு முறையும் நெஞ்சில் தாங்கினார்.

எதிர்ப்பக்கத்தில் எதையாவது மாட்டினால் நிற்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் மாட்ட இன்னொரு கோட்டு இல்லை. வேறெதுவும் கூடாதென்று உரைத்ததோ அவரது திருவாய். ஆகவே ஒரு கையால் தண்டைப் பற்றி, மறு கையால் வியர்வையைத் துடைத்து, கடிகாரத்தின் பெரிய முள் பத்தைத் தாண்டுவதைப் பார்த்தபடி நின்றார். பால்கனியில் துணிக் கிளிப்புகளுக்கு நடுவே அறுகரத்தான் வெயிலில் வெளுத்துப்போவதை நினைத்து, தண்டை இன்னும் இறுகப் பற்றினார். இந்த வீட்டில் தமக்குப் பிடித்தது என்று ஒரே ஒரு பொருள். அதுவும் இல்லையென்று ஆகப்போகிறது.

மணி ஆறு. இரட்டைக் கட்டில் போர்வையை ஈரத்தோடு தோளில் சாத்தி, போர்க்கொடி தாங்கிய படைத்தலைவிபோல் மனைவி வந்து நின்றார். கணவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தண்டைப் பற்றியிருந்த கையையும் பார்த்தார்.

"கைய எடுங்க."

நாயகர் எடுக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் காத்த சபதம் அவர் நெஞ்சில் கிடந்து புரண்டது. பிறகு, எந்த மன்னரும் எந்தப் போர்க்களத்திலும் கூறியிராத சொல்லை, தலையைக் குனிந்துகொண்டு கூறினார்.

"அத எதிர்ப் பக்கத்துல போடு."

போர்வை நான்காக மடிந்து எதிர்க்கரத்தில் ஏறியது. கையை எடுத்தார். அறுகரத்தான் ஒரு முறை நடுங்கி, இருமுறை யோசித்து, நேராக நின்றான். மனைவி இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்குங்க," என்றார்.

அச்சொல் கேட்டு, இருபத்திரண்டு ஆண்டுத் துயரும் இற்று வீழ, தோற்றாரோ வென்றாரோ தாமே அறியாராய், ஈரப் போர்வை ஒருபுறமும் கல்யாணக் கோட்டு மறுபுறமும் இறக்கையாய் விரிய நின்ற அறுகரத்தானின் முன் கண்கலங்கி நின்றார், கண்ணாடிக்கடைக் காவலர்.

போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியதால், மாமனார் தாம் படித்து முடித்த பேப்பரை எடுத்துக் கீழே விரித்தார்.